கைப்பற்றலும் காத்தலும்: காவல்துறை வசமுள்ள உடைமையைத் திருப்பித் தருதலின் சட்ட வரலாறு (1861–2024)

ஆய்வுச்சுருக்கம்

குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட பொருள் காவல்துறையின் வசத்தில் இருக்கும்போது தொலைந்தாலோ கெட்டாலோ அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1947இல் மீரட் நகரில் கைப்பற்றப்பட்ட தங்கம் குறித்து 1964இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய கஸ்தூரி லால் தீர்ப்பு ஆய்வின் மையமாகக் கொள்ளப்படுகிறது. பொருளைக் கைப்பற்றுவது அதிகாரச் செயல். கைப்பற்றியதைக் காப்பது பொறுப்புச் செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அத்தீர்ப்பின் அடிப்படைச் சிக்கல் என்பதும், பின்வந்த தீர்ப்புகள் இவற்றைப் படிப்படியாகப் பிரித்தபோதிலும் நடைமுறைச் சட்டம் இன்றுவரை அப்பிரிப்பை முழுமையாக ஏற்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: வழக்குச் சொத்து, மால்கானா, இறைமை அதிகாரம், கஸ்தூரி லால் வழக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டம், இழப்பீடு.

முன்னுரை

நீதிமன்றம் ஒருவரைக் குற்றமற்றவரென விடுதலை செய்யும்போது அவருடைய உடலின்மீது அரசுக்கு இருந்த பிடி விலகிவிடுகிறது. வேறு வழக்கு எதுவும் இல்லையெனில் அவரைச் சிறையில் வைத்திருக்க எவருக்கும் உரிமை இல்லை. அவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட வண்டியோ நகையோ பணமோ அவ்வாறு உடனே விடுபடுவதில்லை. அதற்கு நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். மேல்முறையீட்டிற்கான காலம் கழிய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பொருள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையைப் பற்றி நடைமுறைச் சட்டம் நெடுங்காலம் எதுவும் கூறவில்லை. அந்த மௌனத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

வழக்கில் சிக்கிய பொருளுக்கு இரட்டைத் தன்மை உண்டு. நீதிமன்றத்திற்கு அது சான்று. உரியவருக்கு அது உடைமை. தமிழ் வாசகர் நன்கறிந்த சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையே இதற்கு எடுத்துக்காட்டாகும். கோவலனிடமிருந்து பெற்ற சிலம்பு பாண்டியன் அவையில் கண்ணகியின் முன் வைக்கப்படுகிறது. அது உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கும்போது அவள் உடைமை என்பதும் மெய்ப்படுகிறது, அரசனின் தவறும் மெய்ப்படுகிறது. கைப்பற்றிய சிலம்பு அரசன் வசத்தில் மாறாமலும் மறையாமலும் இருந்ததால்தான் அந்த வழக்குரை நிகழ முடிந்தது. பொருளைப் பழுதின்றிக் காப்பது உரியவரின் நலனுக்கு மட்டுமன்றி, நீதி வழங்கலுக்கும் அடிப்படை என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

இக்கட்டுரை சட்டப் பிரிவுகளையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்கிறது. கைப்பற்றும் அதிகாரத்தின் எல்லை குறித்த ஆய்வு இதில் இடம்பெறவில்லை. கைப்பற்றிய பின் நிகழ்வதே இங்கு ஆராயப்படுகிறது.

1. சட்டம் வகுத்த வழி

பிரித்தானிய இந்தியாவின் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் இந்தியக் காவல் சட்டமும் வந்தது. நடைமுறைச் சட்டம் 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் புதிதாக எழுதப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியா 1898ஆம் ஆண்டுச் சட்டத்தையே கால் நூற்றாண்டுக் காலம் பின்பற்றி, 1973இல் புதிய சட்டத்தை இயற்றியது. பெயர்களும் பிரிவு எண்களும் மாறினும் உடைமை குறித்த விதிகளின் கட்டமைப்பு பெரிதும் மாறவில்லை.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விதிகள் மூன்று நிலைகளில் அமைந்திருந்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பொருளை யாரிடம் வைப்பது என்பதை 516அ பிரிவு கூறியது. இப்பிரிவு 1923ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்ந்தது. விசாரணை முடிந்தபின் பொருளை என்ன செய்வது என்பதை 517ஆம் பிரிவு கூறியது. நீதிமன்றத்திற்கு வராமல் காவல்துறையிடமே உள்ள பொருளைப் பற்றி 523, 524 ஆகிய பிரிவுகள் கூறின. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவை முறையே 451, 452, 457, 458 ஆகிய பிரிவுகளாயின.

இவ்விதிகளில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியவை. முதலாவது, திருப்பித் தருதல் நீதிமன்றத்தின் விருப்புரிமையாக வைக்கப்பட்டது. விசாரணை முடிந்ததும் நீதிமன்றம் தனக்குத் தக்கதெனத் தோன்றும் ஆணையைப் பிறப்பிக்கலாம் என்பதே விதி. பொருளை அழிக்கலாம், அரசுடைமையாக்கலாம், உரிமை கோருபவரிடம் கொடுக்கலாம். தண்டனை பெற்றவர், விடுதலை பெற்றவர் என்ற வேறுபாடு விதியின் சொற்களில் இல்லை.

இரண்டாவது, காத்திருப்பு. கால்நடை, விரைவில் அழுகும் பொருள் ஆகியவை நீங்கலாகவும், பிணைமுறி எழுதிக் கொடுத்துப் பெறுவது நீங்கலாகவும், ஆணை உடனே நிறைவேற்றப்படுவதில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு மாதம் கழிய வேண்டும். மேல்முறையீடு செய்யப்பட்டால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மெய்ப்பிக்கும் சுமை. காவல்துறை கைப்பற்றிய பொருளுக்கு ஆறு மாதத்திற்குள் எவரும் உரிமையை நிலைநாட்டவில்லை என்றால், எவரிடமிருந்து அது கிடைத்ததோ அவர் அதைச் சட்டப்படி ஈட்டியதாகக் காட்ட வேண்டும். காட்ட இயலாவிடில் பொருள் அரசின் வசமாகும். குற்ற வழக்கில் மெய்ப்பிக்கும் சுமையை அரசு சுமக்கிறது. அதே வழக்கின் நிழலில் கிடக்கும் பொருளைப் பொறுத்தவரை அச்சுமை உடையவர் தோளுக்கு இடம் மாறுகிறது.

முதற்கூறைக் கட்டுப்படுத்தும் வகையில் உச்ச நீதிமன்றம் 1979இல் கேரளத்தைச் சேர்ந்த என்.மாதவன் வழக்கில் ஒரு நெறியை வகுத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டாலோ விடுதலை பெற்றாலோ, பொருள் அவர் வசத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதிலும் அவருக்குரியது என்பதிலும் ஐயம் இல்லாதபோது, அதை அவரிடமே திருப்பித் தருவதுதான் இயல்பான நெறி. அதிலிருந்து எளிதில் விலகலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிமன்றத்தின் விருப்புரிமை அதன்பின் வரம்புக்குட்பட்டதாயிற்று. ஆயினும் இந்நெறி பொருள் இருப்பதை முன்னிபந்தனையாகக் கொண்டது. திருப்பித் தர வேண்டிய பொருளே இல்லாமற்போன நிலையைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அறிய 1947க்குச் செல்ல வேண்டும்.

2. மீரட், செப்டம்பர் 1947

அமிர்தசரஸ் நகரில் தங்கம், வெள்ளி முதலியவற்றை வணிகம் செய்த கஸ்தூரி லால் ரலியா ராம் ஜெயின் என்னும் கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் 1947 செப்டம்பர் 20ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பிராண்டியர் மெயில் தொடர்வண்டியில் மீரட் வந்து சேர்ந்தார். கொண்டுவந்த சரக்கை அந்நகரச் சந்தையில் விற்பது அவர் நோக்கம். சௌப்லா கடைவீதி வழியாகச் செல்லும்போது மூன்று காவலர்கள் அவரைப் பிடித்து, உடைமைகளைச் சோதித்து, கொத்தவால் காவல் நிலையத்திற்குக் கொண்டு சென்றனர். அவரிடமிருந்த 103 தோலா 6 மாசா 1 ரத்தி எடையுள்ள தங்கமும், 2 மணங்கு 6½ சேர் எடையுள்ள வெள்ளியும் கைப்பற்றப்பட்டன. இன்றைய அளவில் தங்கம் ஏறத்தாழ 1,207 கிராம், அதாவது ஏறத்தாழ 151 சவரன். வெள்ளி ஏறத்தாழ 80 கிலோ.

மறுநாள், செப்டம்பர் 21இல், அவர் பிணையில் விடப்பட்டார். சில காலத்திற்குப் பின் வெள்ளி திருப்பித் தரப்பட்டது. தங்கம் வரவில்லை. பலமுறை கேட்டும் பயனில்லாமற்போகவே, தங்கத்தைத் தர வேண்டும், இயலாவிடில் அதன் விலையைத் தர வேண்டும் என நிறுவனம் உரிமையியல் வழக்குத் தொடுத்தது. கோரிய தொகை தங்கத்தின் விலை 11,075 ரூபாய் 10 அணாவும், இழப்பீட்டு வட்டி 355 ரூபாயும் ஆகும்.

அரசு தரப்பின் மறுமொழி இது: தங்கம் மால்கானாவில், அதாவது காவல் நிலையத்தின் வழக்குச் சொத்து அறையில், ஒரு தலைமைக் காவலரின் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது, அவர் அதைக் கையாடிக்கொண்டு 1947 அக்டோபர் 17இல் பாகிஸ்தானுக்குத் தப்பிவிட்டார், அவர்மீது வழக்குப் பதியப்பட்டும் அவரைப் பிடிக்க இயலவில்லை.

இந்நிகழ்வுகளின் காலத்தைக் கருத வேண்டும். நாடு பிரிந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. அமிர்தசரஸ் பஞ்சாபின் புதிய எல்லையில் இருந்தது. அத்தகைய நாள்களில் எல்லை நகரிலிருந்து இரவில் பொன்னுடன் வந்திறங்கிய வணிகர் காவலரின் ஐயத்திற்கு ஆளானதையும், காவல் நிலையப் பொறுப்பில் இருந்த ஒருவர் சில வாரங்களில் எல்லை கடந்து சட்டத்தின் கைக்கு எட்டாமற்போனதையும் பிரிவினையின் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. எனினும் தங்கம் தொலைந்ததற்குப் பிரிவினைக் குழப்பம் மட்டுமே காரணமன்று. உத்தரப் பிரதேசக் காவல் விதிமுறைகள் விலையுயர்ந்த பொருளை எடையிட்டு, தனிப் பெட்டியில் பூட்டி, கருவூலத்தில் பாதுகாக்க வேண்டும் எனப் பணித்திருந்தன. இத்தங்கம் கருவூலத்திற்கு அனுப்பப்படாமல் மால்கானாவிலேயே கிடந்தது. விதிமுறை பின்பற்றப்படவில்லை என்பதையும், காவல் அலுவலர்கள் கவனக்குறைவாக நடந்துகொண்டனர் என்பதையும் உச்ச நீதிமன்றமே பின்னர் ஏற்றுக்கொண்டது.

3. தீர்ப்பும் அதன் வேர்களும்

விசாரணை நீதிமன்றம் நிறுவனத்திற்கு ஆதரவாக 11,430 ரூபாய் 10 அணாவுக்குத் தீர்ப்பாணை வழங்கியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. தலைமை நீதிபதி கஜேந்திர கட்கர் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 1964 செப்டம்பர் 29இல் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதன் தருக்கம் சுருக்கமானது: கைது செய்தல், சோதித்தல், கைப்பற்றுதல் ஆகியவை சட்டம் காவலருக்கு வழங்கிய அதிகாரங்கள், இவை அரசின் இறைமை அதிகாரத்தின் பகுதி, அத்தகைய அதிகாரத்தைச் செலுத்தும்போது பணியாளர் செய்யும் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை.

தவறு நேர்ந்தது என ஏற்று, இழப்பு ஏற்பட்டது என ஏற்று, ஈடு இல்லை எனக் கூறிய இத்தீர்ப்பின் வேர் ஒரு நூற்றாண்டுக்கு முந்தியது. அரசியலமைப்பின் 300ஆம் உறுப்பு, அரசின்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையை முந்தைய சட்டங்களின் நிலையிலேயே தொடரச் செய்கிறது. அந்த இழையைப் பின்தொடர்ந்தால் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், அதிலிருந்து 1915ஆம் ஆண்டுச் சட்டம், இறுதியில் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு வரை செல்ல வேண்டியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின்மீது எந்த அளவுக்கு வழக்குத் தொடுக்க முடிந்ததோ அந்த அளவுக்கே அரசின்மீதும் தொடுக்கலாம் என்பது அப்பிரிவு. ஆகவே, குடியரசின் வணிகர் ஒருவர் தம் தங்கத்தைக் கேட்டபோது, கம்பெனியின்மீது அவ்வழக்குச் செல்லுமா என்பதே தீர்க்க வேண்டிய வினாவாயிற்று.

அவ்வினாவுக்கு விடையாக எடுத்துக்கொள்ளப்பட்டது 1861ஆம் ஆண்டின் பி. அண்டு ஓ. கப்பல் நிறுவன வழக்கு. கல்கத்தாவின் கிடர்பூர் அரசுக் கப்பல் பட்டறையில் பணியாளர்கள் கனத்த இரும்புத் துண்டொன்றைச் சாலையின் குறுக்கே தூக்கிச் சென்றபோது நேர்ந்த கவனக்குறைவால் நிறுவனத்தின் வண்டிக்குதிரை காயமுற்றது. இழப்பு 350 ரூபாய். தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் அரசே பொறுப்பு எனத் தீர்த்தார். கப்பல் பட்டறை நடத்துவது தனியாரும் செய்யக்கூடிய பணி என்பதால் பொறுப்பு உண்டு என விளக்கியபோது, இறைமை அதிகாரம் செலுத்தும் பணிகளில் அவ்வாறு பொறுப்பு இல்லை எனவும் அவர் கூறினார். அவ்வழக்கைத் தீர்க்க இப்பின்னுரை தேவைப்படவில்லை. குதிரைக்கு ஈடு வழங்கிய தீர்ப்பின் துணைக்கருத்து, நூறாண்டுக்குப் பின் தங்கத்திற்கு ஈடு மறுக்கும் விதியாக மாறியது.

வேறொரு பாதையும் அப்போதே இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1882இல் ஹரி பஞ்சி வழக்கில் இவ்வேறுபாட்டை ஏற்க மறுத்தது. பம்பாயிலிருந்து மலபார்த் துறைமுகங்களுக்கு உப்பு செல்லும் வழியில் வரி உயர்ந்தது. வேறுபாட்டுத் தொகையை எதிர்ப்புடன் செலுத்திய வணிகர் அதைத் திரும்பக் கேட்டார். வரி விதித்தல் இறைமைச் செயல் என்பதாலேயே வழக்குத் தடைப்படாது. நாட்டின் சட்டத்தைச் சான்றாகக் காட்டிச் செய்யப்பட்ட செயல் எதுவாயினும் நீதிமன்றத்தில் அதைக் கேள்விக்குட்படுத்தலாம். சட்டத்திற்கு அப்பாற்பட்டு அரசுகளுக்கிடையே நிகழும் செயல்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்பது சென்னையின் நிலைப்பாடு. இந்தியச் சட்ட ஆணையம் 1956இல் வெளியிட்ட தன் முதல் அறிக்கையில் அரசின் தீங்கியல் பொறுப்பை ஆராய்ந்தபோது இந்நிலைப்பாட்டின் பக்கமே சாய்ந்தது. சென்னைப் பாதையைப் பின்பற்றியிருந்தால் கஸ்தூரி லால் வழக்கின் முடிவு வேறாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. காவலர் நடைமுறைச் சட்டத்தின் பிரிவுகளைச் சான்றாகக் காட்டியே பொருளை எடுத்தனர்.

உச்ச நீதிமன்றமும் தன் முடிவில் மனநிறைவு கொள்ளவில்லை. இந்நிலை திருத்தப்பட வேண்டியது எனக் குறிப்பிட்டு, இங்கிலாந்தின் 1947ஆம் ஆண்டு அரசர் வழக்கு நடவடிக்கைகள் சட்டத்தைப் போன்றதொரு சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும் என அது கருதியது. அந்த ஆங்கிலச் சட்டம் 1947 ஜூலை 31இல் அரச இசைவு பெற்றது. மீரட் கைதுக்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன். இந்தியத் தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் யாரிடமிருந்து வந்தனவோ, அவர்கள் தம் நாட்டில் கைவிட்ட விலக்கை இந்தியக் குடியரசு தக்கவைத்துக்கொண்டது. 1965இலும் 1967இலும் அரசின் தீங்கியல் பொறுப்பு குறித்த சட்ட முன்வரைவுகள் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டன, இரண்டும் சட்டமாகவில்லை.

4. கைப்பற்றலிலிருந்து காத்தலைப் பிரித்தல்

கஸ்தூரி லால் தீர்ப்பின் சிக்கல், தொடர்ச்சியாக நிகழும் இரு செயல்களை ஒன்றாகக் கொண்டதில் உள்ளது. ஒருவரின் கையிலிருந்து பொருளை அவர் விருப்பமின்றி எடுப்பது அரசுக்கு மட்டுமே உரிய அதிகாரம். அதை இறைமைச் செயல் எனலாம். எடுத்த பொருளை எடையிட்டுப் பூட்டி வைப்பது அவ்வகைப்பட்டதன்று. அடகுக் கடைக்காரரும் கிடங்குக் காப்பாளரும் நாள்தோறும் செய்யும் பணி அது. காவல் விதிமுறைகளே பாதுகாப்புக்குத் தனி நெறிகள் வகுத்திருந்தன என்பதும், ஒரே நேரத்தில் ஒரே அதிகாரத்தால் கைப்பற்றப்பட்ட வெள்ளி திருப்பித் தரப்பட்டது என்பதும் திருப்பித் தரும் கடமையை அரசு உணர்ந்திருந்ததைக் காட்டுகின்றன. தங்கத்தைப் பொறுத்தவரை அக்கடமை மறுக்கப்படவில்லை. நிறைவேற்றத் தவறியதன் விளைவே மறுக்கப்பட்டது.

இப்பிரிப்பை உச்ச நீதிமன்றம் மூன்றே ஆண்டுகளில் வேறொரு வழக்கில் மேற்கொண்டது. ஜூனாகத் அரசின் சுங்க அலுவலர்கள் 1947இல் மேமன் மகமது என்னும் வணிகரின் சரக்குந்துகள் உள்ளிட்ட ஊர்திகளைக் கைப்பற்றினர். பறிமுதல் ஆணையை எதிர்த்து அவர் செய்த மேல்முறையீட்டில் வருவாய்த் தீர்ப்பாயம் ஆணையை நீக்கி, ஊர்திகளைத் திருப்பித் தரப் பணித்தது. அதற்குள் அவை கவனிப்பாரற்றுக் கிடந்து, உரிமை கோரப்படாத பொருள் என நடுவரிடம் ஆணை பெறப்பட்டு, ஏலத்தில் விற்கப்பட்டிருந்தன. 1967இல் உச்ச நீதிமன்றம், மேல்முறையீடு முடியும்வரை பொருளைத் திருப்பித் தர வேண்டிய நிலை வரலாம் என்பதால் அதை உள்ளவாறே காக்கும் கடமை அரசுக்கு உண்டு எனவும், அந்நிலையில் அரசு பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவரைப் போன்றது எனவும் தீர்த்தது. அத்தகைய பொறுப்பு எழுவதற்கு இரு தரப்பாரிடையே ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை எனவும் கூறியது. அரசை இறைமையாளராகப் பார்த்த 1964இன் பார்வையும், காப்பாளராகப் பார்த்த 1967இன் பார்வையும் ஒன்றையொன்று மறுக்காமல் அருகருகே நின்றன.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குள்ளேயே இக்கருத்து நுழைந்தது 1977இல். மைசூர் மாநிலத்தில் எழுந்த பசவ்வா வழக்கில், திருடப்பட்டுக் காவலரால் மீட்கப்பட்ட நகைகள் காவல் நிலையத்தில் இருந்தபோது மறைந்தன. இங்கு உரிமையாளர் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லர், களவு கொடுத்தவர். திருடனிடம் ஒருமுறையும் காவல் நிலையத்தில் மறுமுறையும் அவர் தம் நகைகளை இழந்தார். பொருள் இல்லாதபோது அதைக் கொடுக்குமாறு ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்னும் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தேவைக்கு மேல் ஒரு நாளும் பொருளை நீதிமன்றத்தின் வசத்திலோ காவல்துறையின் வசத்திலோ வைத்திருக்கக் கூடாது என்பதும், பொருள் தொலைந்து, அரசு உரிய கவனத்துடன் நடந்துகொண்டதாகக் காட்டவில்லை என்றால் அதன் மதிப்பைக் கொடுக்க ஆணையிடலாம் என்பதும் தீர்ப்பின் நெறிகள். கர்நாடக அரசு 10,000 ரூபாய் வழங்கப் பணிக்கப்பட்டது. உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுக்காமலே குற்றவியல் நீதிமன்றத்தில் ஈடு பெறும் வழி இதனால் திறந்தது.

5. 1966ஆம் ஆண்டின் முன்மாதிரி

நீதிமன்றங்கள் வழக்குதோறும் தேடிய விடை ஒரு சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது என்பது ஆய்வுகளில் உரிய கவனம் பெறாத செய்தி. 1955ஆம் ஆண்டு இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தில் 1966ஆம் ஆண்டுத் திருத்தம் பறிமுதல் குறித்த பிரிவுகளைச் சேர்த்தது. அவற்றுள் 6சி பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறுவது இது: பறிமுதல் ஆணை மேல்முறையீட்டில் நீக்கப்பட்டாலோ, தொடரப்பட்ட குற்ற வழக்கில் உரியவர் விடுதலை பெற்றாலோ, கைப்பற்றிய பண்டத்தை எக்காரணத்தாலும் திருப்பித் தர இயலாதபோது, அதை அரசுக்கு விற்றதாகக் கொண்டு விலையும், கைப்பற்றிய நாள் முதல் நியாயமான வட்டியும் அவருக்கு வழங்கப்பட வேண்டும்.

இவ்விதியின் அமைப்பு நுண்மையானது. யாருடைய கவனக்குறைவு என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. இறைமைப் பணியா பிற பணியா என்றும் கேட்பதில்லை. விடுதலையும் திருப்பித் தர இயலாமையும் சேர்ந்தாலே ஈடு எழுகிறது. கஸ்தூரி லால் தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டுகளில் நாடாளுமன்றம் இதை எழுதியது. நெல் மூட்டைக்கும் உர மூட்டைக்கும் கிடைத்த இப்பாதுகாப்பு நகைக்கும் வண்டிக்கும் கிடைக்கவில்லை. 1973இல் நடைமுறைச் சட்டம் முழுதும் புதிதாக எழுதப்பட்டபோதும் இவ்விதி அதில் இடம்பெறவில்லை.

இச்சட்டத்தின் கீழ் எழுந்த நாகேந்திர ராவ் வழக்கு 1994இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. ஆந்திரப் பிரதேச வணிகர் ஒருவரின் உரமும் உணவு தானியமும் 1975இல் கைப்பற்றப்பட்டன. பெரும்பகுதியைத் திருப்பித் தர ஆணை வந்தபோது உரம் கெட்டு, எடையும் குறைந்து, பயனற்றுப் போயிருந்தது. நீதிபதி ஆர்.எம்.சகாய் எழுதிய தீர்ப்பு அரசைப் பொறுப்பாக்கியதுடன், இறைமைப் பணி, பிற பணி என்னும் பழைய பாகுபாடு நலநாட்டரசின் காலத்திற்குப் பொருந்தாது எனவும் விளக்கியது. ஆயினும் நீதி வழங்கல், சட்ட ஒழுங்கு காத்தல், குற்றம் ஒடுக்கல் ஆகியவற்றை அரசின் அடிப்படைப் பணிகள் எனத் தனியே நிறுத்தியது. காவல் நிலையப் பெட்டகம் பழைய வேலிக்கு உள்ளேயே எஞ்சியது.

இக்காலத்தில் மற்றொரு வாயிலும் திறந்தது. காவலில் நேர்ந்த மரணம் குறித்த நீலாபதி பெஹரா வழக்கில் (1993), அடிப்படை உரிமை மீறப்படும்போது அரசியலமைப்பின் கீழ் வழங்கப்படும் இழப்பீட்டிற்கு இறைமை விலக்குப் பொருந்தாது என நீதிமன்றம் தெளிவாக்கியது. 2000இல் சல்லா ராமகிருஷ்ண ரெட்டி வழக்கில், கஸ்தூரி லால் தீர்ப்பு முன்தீர்ப்பு என்ற வலிமையைப் பெரிதும் இழந்துவிட்டதாகக் கூறப்பட்டது. ஆனால் இவை உயிரும் உடலும் சார்ந்த வழக்குகள். 44ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் சொத்துரிமை 1979 முதல் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீங்கி, 300அ உறுப்பின் கீழ் அரசியலமைப்பு உரிமையாக மட்டும் நிற்கிறது. ஆகவே இப்புதிய வாயில் உடைமை இழந்தவருக்கு அதே அகலத்தில் திறக்கவில்லை.

6. காலவரையறையை நோக்கி: 2002 முதல் 2024 வரை

இன்று வழக்குரைஞர்கள் மிகுதியும் மேற்கோள் காட்டுவது 2002 அக்டோபர் 1இல் வழங்கப்பட்ட சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பு. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் காவலர்களே என்பது நினைவில் கொள்ளத்தக்கது. குஜராத் காவல் நிலையமொன்றில் வழக்குச் சொத்துகளுக்குப் பதிலாகப் போலிப் பொருள்களை வைத்ததாகவும், பணத்தைக் கையாடியதாகவும், அனுமதியின்றி ஏலம் விட்டதாகவும் அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. மீரட்டில் 1947இல் ஒரு தலைமைக் காவலர் செய்த செயல் அரை நூற்றாண்டுக்குப் பின் பலர் சேர்ந்து செய்ததாக வழக்குக்கு வந்தது.

451ஆம் பிரிவின் அதிகாரம் விரைந்து செலுத்தப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் அடிப்படை. பொருளின் விரிவான விவரப் பட்டியலும் ஒளிப்படமும் எடுத்துக்கொண்டு, பிணைமுறி பெற்று, உரியவரிடம் ஒப்படைக்கலாம். விசாரணையில் பொருளுக்குப் பதிலாக அப்பதிவே சான்றாகும். பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் பொருள் காவல் நிலையத்தில் கிடக்கத் தேவையில்லை. ஊர்திகளை வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைப்பதால் எவருக்கும் பயனில்லை என நீதிமன்றம் நெறிப்படுத்தியது. சான்று, உடைமை என்னும் இரட்டைத் தன்மையை இத்தீர்ப்பு முதன்முறையாகத் தெளிவாகப் பிரித்தது எனலாம்: சான்று நீதிமன்றத்தில் தங்கலாம், உடைமை வீடு திரும்பலாம்.

2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்நெறியைச் சட்டமாக்கியுள்ளது. அதன் 497ஆம் பிரிவின்படி, பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் விவர அறிக்கை தயாரிக்க வேண்டும். ஒளிப்படமும் தேவைப்படின் காணொளியும் எடுக்க வேண்டும். அதன்பின் 30 நாளுக்குள் பொருள் குறித்த ஆணை பிறப்பிக்க வேண்டும். விசாரணை முடிவில் பொருள் குறித்த பழைய விதி 498ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நீதிமன்றத்திற்குத் தக்கதெனத் தோன்றும் ஆணை என்னும் அதன் தன்மையும் தொடர்கிறது.

காலவரையறை வரவேற்கத்தக்கது. பொருள் காவல் நிலையத்தில் கிடக்கும் நாள்கள் குறையக் குறைய, தொலையும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் காலவரையறை மீறப்பட்டால் என்ன விளைவு என்பதும், அந்த 44 நாளுக்குள்ளேயே பொருள் மறைந்தால் யார் ஈடு செய்வது என்பதும் இவ்விதியில் இல்லை. மீரட்டில் தங்கம் கைப்பற்றப்பட்ட நாளுக்கும் தலைமைக் காவலர் எல்லை கடந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் 27 நாள்களே.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவது, விடுதலைக்குப் பின் பொருளைத் திருப்பித் தருவது 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் விருப்புரிமையாக இருந்து, 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பால் இயல்பான நெறியாக உயர்ந்தது. எனினும் சட்டத்தின் சொற்களில் அது இன்னும் உரிமையாகவில்லை. இரண்டாவது, பொருள் தொலைந்தபோது ஈடு மறுத்த 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கைப்பற்றலையும் காத்தலையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்தது; அதற்கு அடிப்படையான கல்கத்தாத் தீர்ப்பு உண்மையில் ஈடு வழங்கிய தீர்ப்பு; சென்னைத் தீர்ப்பு காட்டிய மாற்றுப் பாதை கைவிடப்பட்டது. மூன்றாவது, 1967, 1977, 1994 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகள் அரசைக் காப்பாளராகப் பார்க்கும் மரபை வளர்த்தன. ஆயினும் ஐந்து நீதிபதிகளின் 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு முறையாக நீக்கப்படவில்லை. இதனால் ஈடு கோருபவர் ஒவ்வொருவரும் அத்தீர்ப்பு தம் வழக்கிற்குப் பொருந்தாது என்பதை முதலில் நிறுவ வேண்டிய நிலை உள்ளது.

இதற்குரிய தீர்வைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் 6சி பிரிவு காட்டிய வழியில், விடுதலை பெற்றவருக்கு அவர் பொருளைத் திருப்பித் தர இயலாதபோது கைப்பற்றிய நாள் முதல் வட்டியுடன் விலை தரப்படும் என்னும் ஒரு தொடரை 498ஆம் பிரிவில் சேர்த்தால் போதும். நாடாளுமன்றம் அத்தொடரை 1966இலேயே எழுதிவிட்டது. அது நிற்க வேண்டிய இடத்திற்கு இன்னும் வந்து சேரவில்லை.